பன்னிரண்டாவது துண்டு

"அதைத் தொடாதே" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் தொட்டுவிட்டான்.

தொட்டதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அழுத்தினான். டீப்பாயின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த மரத்தட்டு ஒரு பக்கமாக எழும்பியது. அதிலிருந்த துண்டுகள் அத்தனையும் தரை விரிப்பில் பொலபொலவென்று கொட்டின. தட்டு மட்டும் அவன் மடியில் வந்து சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது.

குளியலறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. வருங்கால மாமனார் பாடிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தார். அவர் மாமனார் ஆவாரா மாட்டாரா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் அவன் சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வந்திருந்தான்.

அவனுக்குப் பல்செட் செய்வது தொழில். அவளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது தொழில். அவனுக்கும் சொல்லிக்கொடுக்கத்தான் முயன்றாள். கடைசிவரை அவனுக்கு நீச்சல் வரவில்லை, காதல் வந்துவிட்டது. அவன் அவளைக் 'கோச்' என்று கூப்பிடுவான். அவள் அவனைப் 'பல்லு' என்று கூப்பிடுவாள். இதைவிடச் செல்லமான பெயர்களை இரண்டு பேருமே யோசித்துப் பார்த்ததில்லை.

அவளுடைய அப்பா கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் அளவெடுத்துக் கண்ணாடி அறுத்துக் கொடுப்பவர். அவசர வேலை ஒன்றை முடித்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தவர், பையனைத் தலையிலிருந்து கால்வரை அளவெடுத்துவிட்டு, "தம்பி என்ன பண்றீங்க?" என்று கேட்டிருந்தார்.

"பல்செட் பண்றேன் சார். விழுந்த பல், உடைஞ்ச பல் எல்லாம் ஒட்டிக் குடுப்பேன்."

"ஓ, ஒட்டு வேலை."

அவர் குரலில் அதற்குமேல் எதுவும் இல்லை. ஆனால் அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"எங்க தொழில்ல அதெல்லாம் கிடையாது தம்பி. உடைஞ்சா உடைஞ்சதுதான். ஒட்டி ஒப்பேத்தவே முடியாது. அதனால கை சுத்தமா இருக்கணும், மனசும் சுத்தமா இருக்கணும். சரி, மேலெல்லாம் கண்ணாடித் தூள். குளிச்சிட்டு வந்து என் முடிவைச் சொல்றேன்."

அப்படிச் சொல்லிவிட்டு நேராகப் போயிருக்கலாம். போகிற போக்கில் டீப்பாயைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டுதான் போனார்.

டீப்பாயில் ஒரு மரத்தட்டு இருந்தது. சீட்டுக்கட்டில் டைமன் இருக்குமே, அந்த வடிவம். அதற்குள் அடுக்குவதற்குப் பன்னிரண்டு துண்டுகள். ஒவ்வொரு துண்டும் ஆறு சின்ன முக்கோணங்களைப் பக்கத்தோடு பக்கம் சேர்த்து ஒட்டியது. சேர்த்த விதத்தில்தான் வேடிக்கை. ஒன்று அறுகோணமாக உருண்டு திரண்டிருந்தது, ஒன்று பட்டையாக நீண்டிருந்தது, ஒன்று படகு மாதிரி, ஒன்று காலை மடக்கிய நண்டு மாதிரி. பன்னிரண்டையும் கொஞ்சம்கூட இடைவெளி இல்லாமல் தட்டுக்குள் அடுக்கிவிட வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான்.

"என் மாமனார் தன் கையால செஞ்சது" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "கல்யாணம் ஆனதுல இருந்து போட்டுப் பார்க்கறேன். எப்படிப் போட்டாலும் கடைசியில ஒண்ணு வெளிய நின்னுடும். இந்தத் தடவை பாருங்க, பதினொண்ணு உட்கார்ந்தாச்சு. பன்னிரண்டாவதுல ஒரே ஒரு முக்கோணம்தான் முட்டுது. இவ்வளவு கிட்ட நான் வந்ததே இல்ல. ஒரு வருஷமா இந்தப் பதினொண்ணையும் நானும் அசைக்கல, யாரையும் அசைக்க விட்டதும் இல்ல."

அவர் குளியலறைக் கதவைச் சாத்தினார். அவன் பன்னிரண்டாவது துண்டைப் பார்த்தான். தட்டிலிருந்த பள்ளத்தைப் பார்த்தான். ஒரு பல் சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் பல்செட்காரன் கை சும்மா இருக்குமா? எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிக்க அவர்கள் ஒரு நீலத்தாள் வைத்திருப்பார்கள். பல்லுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னால், முட்டுகிற இடத்தில் நீலம் ஒட்டிக்கொள்ளும். அவன் சட்டைப்பையில் எப்போதும் அது இருக்கும். அதை எடுத்து, பள்ளத்தில் விரித்து, மேலே துண்டை வைத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினான். அதன் பலன்தான் இப்போது தரை விரிப்பில் கிடந்தது.

"போச்சு" என்றாள் அவள். "எல்லாம் போச்சு. இனிமே நீ இந்த வீட்டு மாப்பிள்ளை இல்ல. எதிரி."

"பதற்றப்படாதே கோச். எப்படி இருந்ததோ அப்படியே அடுக்கிடலாம். எது எங்க இருந்ததுன்னு ஞாபகம் இருக்கா?"

"எனக்கா? அந்தச் சனியனை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்ல!"

"சார் குளிக்க எவ்வளவு நேரமாகும்?"

"மூணு பாட்டு. ரெண்டாவதுல சோப்பு போடுவார். மூணாவது முடிஞ்சா வெளிய வந்துடுவார்."

உள்ளே முதல் பாட்டு முடிகிற கட்டத்தில் இருந்தது. அப்போது அம்மா இரண்டு கோப்பைகளில் டீ கொண்டுவந்தாள். தரையில் மண்டியிட்டிருந்த இரண்டு பேரையும் பார்த்தாள். விரிப்பில் இறைந்து கிடந்ததையும் பார்த்தாள். "டீ ஆறிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பட்டாணி உரிக்க உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மாவுக்குப் பேச்சு எப்போதுமே கொஞ்சம் சிக்கனம்.

"அம்மா சொல்லிடுவாங்களா?" என்று கேட்டான் அவன்.

"அம்மா எதைத்தான் சொல்லியிருக்காங்க? இரு, இரு! போட்டோ இருக்கு!"

போன மாதம் அப்பாவின் பிறந்தநாளுக்கு அவள் தன் போனில் செல்ஃபி எடுத்திருந்தாள். அவள் முகம், அப்பா முகம், நடுவில் கேக். கேக்குக்குப் பின்னால், கடவுள் புண்ணியத்தில், தட்டு முழுசாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு துண்டின் ஓரமும் தெரிந்தது. அவனுக்கு உயிர் வந்தது.

அவள் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவன் அடுக்கினான். "மூலையில படகு. அதை ஒட்டி நண்டு. இல்லல்ல, நண்டு அந்தப் பக்கம் பார்க்கணும். கவுத்துப் போடு. ஆங்." படகைக் கவிழ்த்துப் போட வேண்டியிருந்தது. நண்டையும் அப்படியே. ஏறக்குறைய எல்லாவற்றையும் கவிழ்த்துத்தான் போட வேண்டியிருந்தது. பல்லுக்குப் பல் பார்த்து உட்கார வைத்துப் பழகிய கை ஆயிற்றே, மளமளவென்று பதினொன்றும் உட்கார்ந்தன. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"கோச், மேல் பக்கம் பாலிஷ் போட்டு பளபளன்னு இருந்ததுல்ல?"

"ஆமா."

"இப்ப ஏன் எல்லாம் சொரசொரன்னு இருக்கு?"

இருவரும் தட்டைப் பார்த்தார்கள். பிறகு போனைப் பார்த்தார்கள். படத்தில் அப்பா போட்டிருந்த பனியனில் கடையின் பெயர் அச்சடித்திருந்தது. அது வலமிருந்து இடமாக ஓடியது.

"செல்ஃபி! என் போன் இடம் வலமா மாத்தித்தானே எடுக்கும்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அவள். "நாம கண்ணாடியில தெரியற மாதிரி அடுக்கி வச்சிருக்கோம்!"

கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் இப்படி ஒரு தவறு நடந்ததே என்று சிரிப்பதற்கு இருவருக்கும் நேரமில்லை. உள்ளே இரண்டாவது பாட்டு பாதியைத் தாண்டிவிட்டது. சோப்பு போடுகிற உற்சாகத்தில் குரல் ஏறிக்கொண்டே போனது.

"கலைச்சிட்டு மறுபடி போடலாமா?"

"வேண்டாம், வேண்டாம். மொத்தமா கவுத்துட்டா சரியாயிடும்" என்றான் அவன். "பல்செட்டை அச்சுல இருந்து அப்படித்தான் எடுப்போம். மேல ஒரு பலகையை வச்சு, ஒரே கவுப்பு. கைவந்த கலை. பலகை ஏதாவது இருக்கா?"

நீச்சல் பழகுகிறவர்கள் பிடித்துக்கொண்டு மிதக்கிற நீலப் பலகை ஒன்று கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. அதைத் தட்டின்மேல் கவிழ்த்துப் பிடித்தான். கண்ணை மூடினான். ஒரே புரட்டு. தட்டை மெல்லத் தூக்கினால், பலகையின்மேல் பதினொன்றும் பளபளவென்று, ஒரு மயிரிழைகூட நகராமல், நேற்று இருந்தபடியே இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டுக்கு மாற்றி முடித்தபோது இரண்டாவது பாட்டும் முடிந்தது.

"பல்லு! நீ பெரிய ஆளுடா!"

காதலித்த நாளாக அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை. தண்ணீருக்குள் இறங்கினால் "கையை ஆட்டு, காலை ஆட்டு, ஐயோ, வெளியே வா" என்பதைத்தான் கேட்டிருக்கிறான். உச்சி குளிர்ந்துபோய் எழுந்து நின்று, வெற்றிவீரனைப் போல ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தான்.

காலுக்கடியில் 'டப்' என்றது.

பன்னிரண்டாவது துண்டு. தட்டுக்கு வெளியே நிற்க வேண்டிய அந்த ஒன்று விரிப்பிலேயே கிடந்திருக்கிறது. அவன் குனிந்து எடுத்தபோது ஐந்து முக்கோணம் ஒரு கையில் வந்தது, ஒரு முக்கோணம் தனியாக இன்னொரு கையில் வந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே மூன்றாவது பாட்டு ஆரம்பித்தது.

"அழாதே. இது எனக்கு ஒரு வேலையே இல்ல" என்றான் அவன். நிஜமாகவே அவனுக்கு அது வேலையே இல்லை. பையிலிருந்து குட்டிப் பசைக் குப்பியை எடுத்தான். தொட்டால் ஒட்டிக்கொள்கிற பசை. "எந்தப் பக்கத்துல இருந்து வந்ததுன்னு பார்த்தியா?"

"நான் எங்க பார்த்தேன்? நீதானே மிதிச்சே!"

"சரி விடு. நீ போய்க் குளியலறைக் கதவைப் பார்த்துக்கோ."

அவள் ஓடிப்போய்க் கதவருகே காதை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் யோசித்தான். பல் உடைந்து வந்தால் என்ன செய்வான்? எது எங்கே என்று நோயாளியைக் கேட்பானா? தாடையைப் பார்ப்பான். பல்லுக்குரிய இடத்தைத் தாடையே சொல்லிவிடும். தட்டில் ஒரு பள்ளம் தயாராக இருந்தது. ஐந்து முக்கோணத் துண்டை அதில் வைத்துப் பார்த்தான். திருப்பி வைத்தான். அழகாக உட்கார்ந்தது. ஓரத்தில் ஒரே ஒரு முக்கோண அளவுக்கு இடம் மிச்சமிருந்தது. உடைந்த முக்கோணத்தை அங்கே வைத்தான். பூட்டில் சாவி போனது போலப் போயிற்று. அந்த இடத்திலேயே, தட்டுக்குள்ளேயே, தாராளமாகப் பசையை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான்.

"முடிஞ்சிடுச்சு கோச்! வந்து பாரு. எவ்வளவு கச்சிதமா பொருந்தியிருக்கு!"

அவள் வந்து பார்த்தாள். பார்த்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அடப்பாவி! அது பொருந்தவே கூடாதே! அது பொருந்தலைன்னுதானே அப்பா இத்தனை வருஷமா உயிரை விடறார்!"

அவன் தட்டைப் பார்த்தான். பன்னிரண்டும் இருந்தன. இடைவெளி என்ற பேச்சுக்கே இடமில்லை. தான் எவ்வளவு பெரிய தப்பை எவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வெளிய எடுத்துடு! சீக்கிரம்!"

நகத்தை விட்டு நெம்பினான். அசையவில்லை. அவள் கத்தி கொண்டுவந்தாள். கத்தி வளைந்ததே தவிரத் துண்டு வளைந்து கொடுக்கவில்லை. தாராளமாக விட்ட பசை சந்துபொந்தெல்லாம் ஓடி, பக்கத்துத் துண்டு, அதன் பக்கத்துத் துண்டு, தட்டின் அடிப்பலகை என்று எல்லோரையும் ஒரே குடும்பமாகச் சேர்த்து வைத்துவிட்டிருந்தது.

பாட்டு நின்றது. தாழ்ப்பாள் திறந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த கண்ணாடிக் கடைக்காரர் டீப்பாயைப் பார்த்தார். துவாலை கையிலிருந்து நழுவியது. முழங்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு மரத்துண்டையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பன்னிரண்டு. மறுபடி எண்ணினார். பன்னிரண்டேதான்.

"யாரு?" என்றார்.

அவள் திருதிருவென்று விழித்தாள். அவன் பலிக்குக் கொண்டுவந்து நிறுத்திய ஆடு மாதிரி நின்றான். "நான்தான் சார்..."

கட்டிப்பிடித்துக்கொண்டார். ஈரத் தலையோடு அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். "மாப்ளே!" என்றார். "மாப்ளே! நான் வெறும் ஒட்டு வேலைன்னு நினைச்சேனே! தலைக்குள்ள இவ்வளவு வச்சிருக்கீங்களே! மூணு பாட்டு நேரத்துல! என் ஆயுசுல பாதி போச்சு மாப்ளே, மூணு பாட்டுல முடிச்சிட்டீங்களே!" கண்ணில் நீர் தளும்பியது. நேராக ஜன்னலுக்கு ஓடி, எதிர்வீட்டு மாடியில் தைத்துக்கொண்டிருந்த டெய்லரைப் பார்த்துக் கத்தினார். "டெய்லரே! முடிஞ்சிடுச்சுய்யா! கல்யாணத்துல இருந்து இழுத்துட்டுக் கிடந்தது இன்னைக்கு ஒரேயடியா முடிஞ்சிடுச்சு!"

டெய்லர் பதறிப்போய்த் தையல் மெஷினை நிறுத்தினார். "ஐயையோ! இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்துட்டா? வீட்ல அவங்க என்ன சொல்றாங்க?"

"அவ பட்டாணி உரிக்கிறா!"

"என்ன மனுஷனோ!" என்று டெய்லர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவன் காதில் அவள் கிசுகிசுத்தாள். "சம்மதம் வந்தாச்சு. வாயை மூடிட்டு இரு."

அவன் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் நெஞ்சு குறுகுறுத்தது. மாமனார் கண்ணில் இருந்த சந்தோஷம் பொய்யில்லை. அந்தச் சந்தோஷத்துக்குக் கொடுத்த காரணம்தான் பொய். இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்த மனிதர் முன்னால் டீ குடிக்க வேண்டுமே.

"மாப்ளே, தப்பா நினைக்கக் கூடாது" என்றார் அவர், குழந்தை மாதிரி. "கலைச்சிட்டு நானே ஒரு தடவை போட்டுப் பார்க்கறேனே? இப்பதான் வழி தெரிஞ்சிடுச்சே!"

"வேண்டாம் சார்..." என்று அவனும், "வேண்டாம்ப்பா!" என்று அவளும் பாய்வதற்குள் அவர் தட்டைக் கவிழ்த்துவிட்டார்.

எதுவும் விழவில்லை.

ஆட்டினார். விழவில்லை. அடியில் தட்டினார். தலைக்குமேல் தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்த்தார். பன்னிரண்டும் அவரைக் குனிந்து பார்த்தன, ஒன்றுகூட அசையவில்லை. மெதுவாக இறக்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இது என்ன வாசனை?"

அதற்குமேல் அவனால் முடியவில்லை. "பசை சார்" என்றான். அவள் அவன் காலை மிதித்ததையும் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். நீலத்தாள், செல்ஃபி, கவிழ்த்தது, மிதித்தது, உடைந்தது, பள்ளத்தில் வைத்து ஒட்டியது. "நான் போட்டு முடிக்கல சார். உடைச்சு ஒட்டியிருக்கேன். என்னை மன்னிச்சிடுங்க. உங்க பொண்ணைப் பொய் சொல்லிக் கட்டிக்க எனக்கு மனசு வரல."

கண்ணாடிக் கடைக்காரரின் முகம் சிவந்துகொண்டே வந்தது. 'மாப்ளே' எங்கே போனதோ தெரியவில்லை.

"தம்பி" என்றார். "நான் அப்பவே சொன்னேன். ஒட்டு வேலை. புத்தியெல்லாம் ஒட்டு வேலை! உடைஞ்சா என்ன பண்ணணும்? உடைஞ்சதுன்னு சொல்லணும். திருட்டுத்தனமா எங்கயோ ஒரு பக்கத்துல ஒட்டி வச்சிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி பொண்ணு கேக்கறதா?"

"அதான் சொல்லிட்டாரேப்பா!" என்றாள் அவள். "யார் கேட்டா இவரை? தானாத்தானே சொன்னார்! எனக்கு இவரைத் தவிர வேற யாரும் வேண்டாம். ஒரு மரத்துண்டுக்காக என் வாழ்க்கையை உடைக்காதீங்க."

"மரத்துண்டா? குணம்மா, குணம்! நானும்தான் உங்கம்மாவைக் கேட்டுப் போனேன். இதே தட்டு முன்னாடிதான் என்னையும் உட்கார வச்சிட்டு என் மாமனார் உள்ள போனார். அவர் திரும்பி வர்ற வரைக்கும் நான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். தொட்டிருப்பேனா? தொட்டே இருக்க மாட்டேன்! அப்படிப்பட்ட வீட்டுல இப்படி ஒரு ஆளு மாப்பிள்ளையா வர முடியாது. நீங்க கிளம்பலாம் தம்பி."

அவன் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினான். கண் கலங்கியிருந்ததால் ஒன்றுதான் கிடைத்தது. அவள் அழுதுகொண்டே இன்னொன்றைத் தேடிக் கொடுக்காமல் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். கையிலிருந்த பட்டாணிக் கிண்ணத்தை டீப்பாயில் வைத்தாள். தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, பன்னிரண்டாவது துண்டின் ஓரத்தை விரலால் வருடிப் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கையைக் கட்டிக்கிட்டா உட்கார்ந்திருந்தீங்க? நான் கதவிடுக்கு வழியா பார்த்துட்டுத்தானே நின்னேன். அன்னைக்கு இதே முக்கோணத்தை உடைச்சு, எங்கப்பா வர்றதுக்குள்ள அவசர அவசரமா தப்பான பக்கத்துல ஒட்டி வச்சது நீங்க, இத்தனை வருஷம் கழிச்சு அதைச் சரியான பக்கத்துல ஒட்டியிருக்கறது நம்ம மாப்பிள்ளை."